கோப்பு 0417

மென்பொருள் சொல்கிறது: காடை.
எனக்குக் கேட்பது: ஓட்டோ.

அத்திடியச் சதுப்பின் ஓரம்
பன்னிரண்டு மரங்களில் பன்னிரண்டு பெட்டிகள்,
நாலரைக்கு விழித்து ஏழுக்கு உறங்குபவை.
திங்கள்தோறும் நிலூஷா சேற்று பூட்ஸோடு படியேறி
நகத்தளவு நினைவட்டைகளை
என் மேசையில் கொட்டிவிட்டுத் தேநீர் கேட்பாள்.
தெஹிவளையில், பல் வைத்தியருக்கு மேல்மாடியில்,
யாரோ ஒருவரின் கடைவாய்ப்பல்லைத் துளைக்கும் சத்தத்துக்கு மேலே
உட்கார்ந்து
ஒரு புல்வெளியைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தேடுவது மூன்று விரல் காடையை.
பின்விரல் கிடையாது, கிளையில் குந்தாது.
பெயரில்தான் காடை; குடும்பம் வேறு.
பெட்டைதான் கூப்பிடும்,
சேவலுக்காக மற்றப் பெட்டையோடு சண்டையும் பிடிக்கும்,
முட்டைகளை அவன் வயிற்றுக்கடியில் விட்டுவிட்டு
அடுத்தவனைத் தேடி நடக்கும்.
சொன்னபோது அம்மா
பயற்றங்காய் முறிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டா:
"இவ்வளவு கெட்டிக்காரி பிறகேன் குறைஞ்சு போனவள்?"

கட்டுரையில் அதற்கு ஒரு வரைபடம் இருக்கிறது.
என் காதில் இருப்பது பீப், பீப்,
டிப்பர் பின்னால் வரும் ஒலி.
மார்ச்சில் ஏழு தடவை.
ஜூனில் நாற்பது.
ஓகஸ்டில் எண்ணுவதை விட்டேன்.
மண் சரியும் நீண்ட மூச்சு ஒன்று,
அதன் பிறகு ஐந்தாம் பெட்டியில்
தவளைகூட இல்லை.

அருங்காட்சியகத்தில் ஒருநாள் இழுப்பறை திறந்து காட்டினார்கள்.
பஞ்சுக் கண்ணோடு மல்லாந்து கிடந்தது.
காலில் நூல், நூலில் சீட்டு:
"கறுவாத்தோட்டம், புல்வெளி."
ஆண்டைப் பூச்சி தின்றிருந்தது.
வெளியே வந்து தெருவைப் பார்த்தேன்.
தூதரக மதில், தூதரக மதில்,
நீர் தெளித்து வெட்டிய பச்சைக் கம்பளம்.
ஒரு வெட்டுக்கிளி ஒளியக்கூட இடமில்லை.

ட்ர்ர்ர்ர்ர்.
தூரத்தில் மோட்டார் சைக்கிள் ஒன்று தயங்கி நிற்பதுபோல்
அதன் குரல்.
கொழும்பில் வாழ நினைக்கும் ஒரு பறவை
இதைவிடப் பிழையான குரலைத் தேர்ந்திருக்க முடியாது.
ஆயிரத்து முந்நூற்று ஆறு காடைகளைப் பிடித்துத் தந்தது மென்பொருள்.
எல்லாம் வாடகைக்கு ஓடுபவை.
சந்தேகம் தீர, சந்தியில் நிற்கும் ஜெஸ்லியின் வண்டியைப்
பெட்டிக்குக் கீழே ஒரு நிமிடம் உறுமவிட்டோம்.
நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று நிச்சயம், காடை.
ஜெஸ்லி மீட்டரைத் தட்டிச் சிரித்தார்:
"முட்டை போட்டா உங்களுக்குத்தான், மிஸ்."

இப்போது எனக்கொரு விதி உண்டு.
ஒலி நகர்ந்தால் வண்டி.
நின்ற இடத்திலேயே பெருகிப் பெருகி
சட்டென அறுந்தால்

0417.
தை மாதம், மழை விட்ட விடியல், ஐந்து ஐம்பத்திரண்டு.
பதினொரு வினாடி.
ஹெட்போனைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டினேன்.
கீழே துளைப்பானும் நின்றிருந்தது.
கூப்பிட்டது; அறுந்தது; காத்திருந்தது.
எந்தச் சேவலும் புல்லை விலக்கவில்லை.
பிறகு, தொலைவில், ஒரு பீப்.

பேராசிரியர் சொன்னார், ஒற்றைப் பதிவால் எதையும் நிறுவ முடியாது.
உண்மைதான்.
மற்ற மாதங்களின் நிரலில் "இல்லை" என்று எழுதியிருந்தார்.
அழித்து "கேட்கவில்லை" என்று எழுதினேன்.
ஒரு சொல்லுக்காக மூன்று நாள் மின்னஞ்சல் சண்டை.
கடைசியில் அடிக்குறிப்பாக இடம் தந்தார்,
எட்டுப் புள்ளி எழுத்தில்.

நேற்று மாலை வெள்ளவத்தையில் ரயில் கேற் மூடியிருந்தது.
கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை நிறைய ஓட்டோக்கள்,
எல்லாம் உறுமிக்கொண்டு,
நான் பழக்கதோஷத்தில் ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு.
ரயில் போனது. கேற் உயர்ந்தது. எல்லாம் நகர்ந்தன.
ஒன்று மட்டும் நகரவில்லை.
நின்ற இடத்திலேயே பெருகியது.
திரும்பிப் பார்க்காமல் வினாடிகளை எண்ணினேன்.
ஒன்பதில் அணைந்தது.
பின்னால் யாரோ ஒரு சாரதி
தன் இயந்திரத்தைத் தாய்மொழியில் திட்டிக்கொண்டு
மறுபடி கம்பியை இழுத்தார்.